மூன்று வயதுக் கைக்கு எந்தக் கத்தரிக்கோல்?

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் எழுதுபொருள் கடைகளின் முன்வரிசையில் குழந்தைக் கத்தரிக்கோல்கள் தொங்கும். பிடியில் டைனோசர் தலை இருக்கும், வண்ணத்துப்பூச்சி இருக்கும். அட்டையில் ‘கையை வெட்டாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கையை வெட்டாது, சரி. தாளை வெட்டுமா? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அலகு மழுங்கலாக இருந்தால் தாள் வெட்டுப்படாது. இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். அது கருவியின் கோளாறு என்று குழந்தைக்குத் தெரியாது. இன்னும் இறுக்கி அழுத்தும், மணிக்கட்டைத் திருப்பும், அதுவும் பலிக்காவிட்டால் மற்றக் கையையும் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடியை அமுக்கும். தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கை இப்படிப் போய்விட்டதால் தாளைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டிவரும். இந்தப் பழக்கம் ஊறிவிட்ட கையைத் திருத்துவது, ஒன்றும் தெரியாத கைக்குக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். ‘எங்க பிள்ளைக்கு வெட்டவே வரலை’ என்று முடிவுகட்டுவதற்கு முன் அதே கத்தரிக்கோலால் நீங்கள் ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். உங்களுக்கும் வராது என்றால் குப்பையில் போடுங்கள்.

கருவியைக் கையாளும் பழக்கம் கத்தரிக்கோலுக்கு வெகு முன்பே, கரண்டியிலேயே தொடங்கிவிடுகிறது. 1999இல் மெக்கார்ட்டி, கிளிஃப்டன், கொலார்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்றில் 9, 14, 19 மாதக் குழந்தைகளின் முன் உணவோடு கூடிய கரண்டியை வைத்தார்கள். கைப்பிடி சில தடவை வலப்பக்கம், சில தடவை இடப்பக்கம். 9 மாதக் குழந்தை கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பழகிய கையாலேயே பிடித்தது. பல நேரம் கைப்பிடி முனைதான் வாய்க்குள் போயிற்று. 14 மாதக் குழந்தை அப்படித் தப்பாகப் பிடித்தாலும் வழியில் சுதாரித்துத் திருப்பிக்கொண்டது. 19 மாதத்தில்தான் எந்தக் கை வசதி என்பதைத் தொடுவதற்கு முன்பே தீர்மானிக்கும் பக்குவம் தெரிந்தது. கத்தரிக்கோல் இதைவிடப் பல படி சிக்கலானது. ஒரு கை திறந்து மூட வேண்டும், மறு கை தாளைப் பிடித்துத் திருப்ப வேண்டும், கண் அலகுக்கு முன்னால் உள்ள கோட்டைப் பார்க்க வேண்டும். இதில் மூடுவது சுலபம்; பிறந்த நாள் முதல் குழந்தை செய்துவரும் வேலை அது. திறப்பதுதான் புதிது. கருவியை வாங்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இனிக் கடையில் கிடைக்கும் வகைகள்.

அலகு, பிடி எல்லாம் பிளாஸ்டிக்காக வருவது ஒன்று. களிமண் பொம்மைப் பெட்டிகளோடு இலவசமாகவும் வரும். இரண்டு வயதுக்காரர் சப்பாத்தி மாவை நீளமாக உருட்டித் துண்டு போட இது போதும். ‘திற, மூடு’ என்ற அசைவு பழகும். தாளுக்கு உதவவே உதவாது, அலகே வளைந்துகொள்ளும். இதற்கெனத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். விளையாட்டுப் பெட்டியாக வாங்கினால் அதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

அடுத்தது பிளாஸ்டிக் அலகின் விளிம்பில் மட்டும் மெல்லிய எஃகுப் பட்டை பதித்தது. மழலையர் பள்ளிகள் அதிகம் விரும்புவது இதைத்தான்; தலைமுடியும் சட்டையும் தப்பிக்கும் என்ற நம்பிக்கை. புதிதில் சாதாரண நோட்டுத் தாளை ஒழுங்காகவே வெட்டும். பிரச்சினை நடு ஆணியில் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் பிளாஸ்டிக் சுழல்வதால் துளை விரைவில் தேய்ந்து அலகுகள் ஒன்றையொன்று உரசாமல் விலகிவிடும். அட்டையை வெட்டினால் இன்னும் சீக்கிரம் ஆடும். ஆடத் தொடங்கியதை இறுக்க வழி கிடையாது. ஓராண்டுக் கல்விக்கு வாங்கி நடுவில் மாற்ற வேண்டிவரும் பொருள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முழு எஃகு அலகு, முனை மட்டும் உருண்டையாக மழுக்கியது, மொத்த நீளம் 12 அல்லது 13 செ.மீ. ‘அஞ்சு இன்ச் ஸ்கூல் சிஸர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே போதும், இதுவே சிறந்தது. டைனோசர் இல்லாத சாதாரண ரகம் விலையும் குறைவு. முனை உருண்டையாக இருப்பதால் குத்தாது. விளிம்பு நிஜமாக வெட்டும். வளையத்தைக் கவனியுங்கள்: மேல் வளையம் கட்டைவிரல் மட்டும் நுழையும் அளவில் சிறிதாக, கீழ் வளையம் இரண்டு விரல் போகும்படி நீளமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு பெரிய வட்டமாக இருந்தால் குழந்தையின் விரல் அடிவரை உள்ளே நழுவிவிடும். அப்புறம் திறப்பதற்கு முழு உள்ளங்கையும் விரிய வேண்டும்.

இதே அளவில் பிடிக்கு நடுவே ஸ்பிரிங் வைத்தது நான்காவது வகை. மூடினால் போதும், தானே திறந்துகொள்ளும். திறக்கும் அசைவு வராத பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் ஸ்பிரிங்கை எடுக்க முடியாத மாதிரியை வாங்கினால் உதவியே தடையாகும்: திறக்கும் தசைக்கு வேலையே இருக்காது. ஆகவே ஸ்பிரிங்கை ஒதுக்கிவைக்கும் சிறு நெம்புகோல் உள்ளதாகப் பாருங்கள். மாப்பெட் நிறுவனத்தின் கூப்பி 13 செ.மீ. மாதிரியில் அந்த வசதி உண்டு. முதலில் ஸ்பிரிங்கோடு, சிறு துண்டுகளைத் தொடர்ந்து நறுக்க வந்ததும் ஒதுக்கிவிடலாம். சாதாரணக் கத்தரிக்கோலைவிட விலை கூடுதல்தான். மூன்று வயதுக்கு உட்பட்டவருக்கும் கைவலு குறைந்தவருக்கும் கொடுக்கத் தகும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நான்கு வளையம் வைத்து, பெரியவரும் குழந்தையும் சேர்ந்து பிடிக்கும் ரகமும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் பெரியவரின் வேகத்தில்தான் அது போகும், குழந்தையின் விரல் சும்மா சவாரி செய்யும். தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) குறிப்பிட்ட ஒரு குழந்தைக்குச் சொன்னால் வாங்கலாம். விரல்களைத் தனித்தனியாக அசைக்க முடியாத பிள்ளைகளுக்கு வளையமே இல்லாமல் ஒரே பிளாஸ்டிக் வில்லாக வளைந்த கத்தரிக்கோல் இருக்கிறது. முழுக் கையால் அமுக்கினால் வெட்டும், விட்டால் விரியும். பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தைகளுக்கு இதை ஒரு மரக்கட்டையில் பொருத்திக் கொடுப்பதும் உண்டு. நெளிநெளியாக வெட்டும் அலங்கார ரகம் ஐந்து வயதுக்கு அப்புறம். அதன் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒவ்வொரு வெட்டையும் நகர்த்திவைக்க வேண்டும். அதற்குமுன் கொடுத்தால் தாள் கிழியும்.

இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் விஷயத்தில்தான் கடைகள் அதிகம் ஏமாற்றுகின்றன. வலக்கையால் கத்தரிக்கோலை மூடும்போது கட்டைவிரல் வெளிப்பக்கமாகத் தள்ளும், மற்ற விரல்கள் உள்ளங்கைப் பக்கமாக இழுக்கும். அலகுகள் அடுக்கப்பட்ட விதத்தால் இந்தத் தள்ளலும் இழுப்பும் இரண்டையும் நெருக்கி உரசவைக்கின்றன. அதே கருவியை இடக்கையில் பிடித்தால் அதே விசை அலகுகளைப் பிரித்துவிடும். நடுவில் தாள் மடியும். போதாக்குறைக்கு மேல் அலகு கோட்டை மறைக்கும், குழந்தை தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கும். ‘இரு கைக்கும் ஏற்றது’ என்று எழுதி விற்பவற்றில் பெரும்பாலும் பிடி மட்டுமே இரு பக்கமும் ஒரே மாதிரி. அலகு வலக்கை அடுக்குதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி: முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் நோக்கும்படி கத்தரிக்கோலைத் திறந்து மேசையில் வையுங்கள். மேலே படிந்திருக்கும் அலகின் முனை இடப்பக்கம் போனால் வலக்கைக் கருவி, வலப்பக்கம் போனால் இடக்கைக் கருவி. கவிழ்த்துப் போட்டாலும் இது மாறாது. எனவே ‘திருப்பிப் பிடிச்சா சரியாயிடும்’ என்ற கடைக்காரரின் பேச்சை நம்ப வேண்டாம். உண்மையான இடக்கைக் கத்தரிக்கோல் பல ஊர்க் கடைகளில் இருக்காது. இணையத்தில் வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி இதே சோதனையைச் செய்யலாம். ‘பீச்சாங்கையால வெட்டாதே’ என்று கையை மாற்றிவிடும் வேலையை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை சாப்பிடவும் பந்தெறியவும் எந்தக் கையை நீட்டுகிறதோ அந்தக் கைக்கே கருவி. இரண்டு கையையும் மாற்றி மாற்றி நீட்டும் வயதானால் கத்தரிக்கோலை நடுவில் வைத்து, எந்தக் கை எடுக்கிறது என்று சில வாரம் பாருங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை மூன்று. முதலில் நன்றாகத் திறந்து, ஒரு வளையத்தை மட்டும் பிடித்து மற்றதை விடுங்கள். தொப்பென்று மூடிக்கொண்டால் ஆணி தளர்வு. அசையாமல் நின்றால் குழந்தைக்கு இறுக்கம். மெதுவாகக் கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. அடுத்து மூடிய கத்தரிக்கோலை வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஆணியருகிலும் முனையிலும் தொட்டு, நடுவில் முடியளவு இடைவெளி தெரிவது நல்ல அடையாளம். அலகுகள் லேசாக வில்போல வளைந்திருந்தால்தான் மூடும்போது வெட்டும் புள்ளியில் அழுத்தம் கிடைக்கும். மூன்றாவது, டிஷ்யூ தாள் ஒன்றை முனையால் மட்டும் வெட்டிப் பாருங்கள். மென்று துப்பினால் வாங்காதீர்கள். அட்டையும் பிளாஸ்டிக்குமாக ஒட்டி மூடியிருந்தால் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

வாங்கியாயிற்று. அடுத்து எதை வெட்டக் கொடுப்பது? பலரும் நோட்டுத் தாளைக் கொடுப்பார்கள். தொடக்கத்துக்கு அது மோசமான தேர்வு. 70, 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) தாள் தளதளவென்று தொங்கும், கத்தரிக்கோல் கிட்ட வந்ததும் மடங்கும். விறைப்பாக நிற்கும் தாள் வேண்டும். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு செ.மீ. அகலத்துக்கு நீளப் பட்டைகளாக நீங்களே வெட்டிவைத்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்துக்கு ஒரே நறுக்கு போதும். ஒவ்வொரு நறுக்கிலும் ஒரு துண்டு கீழே விழும். குழந்தையைத் தொடரவைப்பது அந்தத் துண்டு விழுவதுதான். மிகவும் கனமான, வெல்வெட் ஒட்டிய பத்திரிகையை மட்டும் ஒதுக்குங்கள். காகித உறிஞ்சுகுழலும் நல்லது. நறுக்கிய துண்டுகளை நூலில் கோக்கலாம். சமையலறையில் கழுவிய கத்தரிக்கோலோடு கொத்தமல்லித் தண்டு. துணி கடைசி, அதற்கு அலகு கூர்மையாகவும் ஆணி இறுக்கமாகவும் இருந்தாக வேண்டும்.

கத்தரிக்கோலைத் தொடும் முன்பே கைக்கு வேலை கொடுப்பது பலன் தரும். தாள் கிழிப்பது (இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும்), துணி கிளிப்பை அமுக்கிக் கொடியில் மாட்டுவது, சிறு இடுக்கியால் கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. எல்லாம் ஒரே அசைவின் ஒத்திகை.

செய்துகாட்டுவதில் ஓர் எச்சரிக்கை. 2005இல் ஹார்னரும் வைட்டனும் வெளியிட்ட ஆய்வில், பெட்டியிலிருந்து பரிசை எடுப்பதற்கு அவசியமில்லாத அசைவுகளையும் சேர்த்துச் சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் செய்துகாட்டினார்கள். பெட்டி ஒளிபுகும்படி கண்ணாடியாக இருந்தபோது சிம்பன்சிகள் தேவையற்றதை விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அதையும் விடாமல் அப்படியே செய்தார்கள். நீங்கள் கத்தரிக்கோலைக் காற்றில் ஆட்டிக்கொண்டே பேசினால் அதுவும் பாடமாகிவிடும். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையில் செய்துகாட்டும்போது கை மெதுவாகப் போகும், வாய் பேசாது. கத்தரிக்கோலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி தெரியவில்லை. குழந்தைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் இருந்தால் வலது இடதாகத் தெரியும்.

உட்காரும்போது பாதம் தரையில் பட வேண்டும். பெரியவர் நாற்காலியில் கால் தொங்கினால் உடம்பை நிறுத்துவதிலேயே வலு போய்விடும். அதற்குத் தரையில் சம்மணமிட்டு முன்னால் மணைப்பலகை வைத்துக்கொள்வது மேல். கட்டைவிரல் மேல் வளையத்தில், நடுவிரல் கீழ் வளையத்தில். ஆள்காட்டி விரல் கீழ் வளையத்துக்கு முன்னால் வெளியே தாங்கலாக நிற்கும். கீழ் வளையம் நீளமென்றால் நடுவிரலோடு மோதிர விரலும் போகலாம். விரல் முதல் கணு வரை நுழைந்தால் போதும். வெட்டும்போது கட்டைவிரல் நகம் வானத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் முழங்கையை வெளியே தூக்கிக் கையைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். அலகு பக்கவாட்டில் படுத்துவிடும். நகத்தின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி ‘பொட்டு தெரியுதா பாரு’ என்றால் விளக்கமே தேவைப்படாது. தாளைப் பிடிக்கும் கையிலும் அதேபோல ஒன்று. முழங்கை இன்னும் விரிந்தால் விலாவுக்கும் கைக்கும் நடுவில் மடித்த கைக்குட்டையை இடுக்கிக்கொள்ளச் சொல்லலாம். விழுந்தால் முழங்கை விரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வரிசை இப்படிப் போகும். இரண்டரை, மூன்று வயதில் ஒற்றை நறுக்கு. அது வந்தபின் பட்டையின் அகலத்தை நான்கைந்து செ.மீ. ஆக்கினால் இரண்டு மூன்று நறுக்குகளைத் தொடர்ந்து போட வேண்டிவரும். இங்கேதான் அடுத்த தடங்கல்: குழந்தை ஒவ்வொரு தடவையும் அலகை முழுக்க மூடிவிடும், முனை மூடும் இடத்தில் தாள் பிசிறாகும். முக்கால்வாசி மூடி, திறந்து, முன்னே தள்ள வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட முனைக்கு ஒரு செ.மீ. முன்னால் அலகில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது சுலபம். மூன்றரை, நான்கில் நேர்கோடு: ஒரு செ.மீ. தடிமனான கோடு போட்டு அதற்குள் போனால் சரி என்று வைத்துக்கொண்டு போகப் போக மெல்லியதாக்குங்கள். நாலரை, ஐந்து வயதில் வட்டம். வட்டத்தில் கத்தரிக்கோல் திரும்புவதில்லை, தாள்தான் திரும்புகிறது. வலக்கைக்காரர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும் இடக்கைக்காரர் முள்ளின் திசையிலும் போனால் கோடு கண்ணுக்குத் தெரியும், மணிக்கட்டும் மடங்காது. சதுரம் அதற்கப்புறம். மூலையில் நின்று, திறந்து, தாளைத் திருப்பி மறுபடி தொடங்க வேண்டுமே! இந்த வயதுகளில் ஆறு மாதம் முன்னே பின்னே போவது சகஜம்.

விதிகள் குறைவாகவும் மாறாமலும் இருக்கட்டும். உட்கார்ந்துதான் வெட்டுவது. எழுந்தால் அலகை மூடி உள்ளங்கைக்குள் பிடித்துக்கொள்வது. இன்னொருவருக்குக் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம். முடியும் தம்பியின் சட்டையும் எப்படியும் ஒருநாள் ஆபத்துக்குள்ளாகும். பயன்பாடு முடிந்ததும் கத்தரிக்கோல் உயர அலமாரிக்குப் போய்விட வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. செலோடேப் பசை அலகில் ஒட்டினால் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு எண்ணெய் போக உலர்ந்த துணியால் துடையுங்கள். இல்லையென்றால் அடுத்த தாளில் கறை. கடலோர ஊர்களில் ஆணியில் துரு ஏறும், அங்கே மட்டும் ஒரு சொட்டு விட்டுத் திறந்து மூடினால் போதும். சாணை பிடிக்கிறவரிடம் இந்த மலிவு ரகத்தைக் கொடுக்க வேண்டாம். கத்தரிக்கோலின் விளிம்பு கத்தியைப் போல மெல்லிய சரிவு அல்ல; அலகின் உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் இரண்டும் மறுபடி பொருந்தாது. பழுது பார்த்துத் தலைமுறைக்கும் ஓடும் கத்தரிக்கோல் வேண்டுமென்றால் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல்கள் இருக்கின்றன. அவை தையற்காரர் கைக்கு, குழந்தைக்கு அல்ல.

பள்ளிக்கு மொத்தமாக வாங்குபவர்கள் பிளாஸ்டிக் அலகில் எஃகுப் பட்டை பதித்த ரகத்தைத் தவிர்த்து ஐந்து அங்குல எஃகு ரகத்தை எடுக்கலாம். 20 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் ஸ்பிரிங்கை ஒதுக்கும் வசதியுள்ளது மூன்று நான்கும், உண்மையான இடக்கை ரகம் குறைந்தது இரண்டும் சேர்த்து வாங்குங்கள். இடக்கைக் கருவியின் பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிட்டால் டப்பாவில் கலக்காது. மாதம் ஒருமுறை டிஷ்யூ தாள் சோதனையில் தோற்றவற்றைக் களிமண் மேசைக்கு அனுப்பிவிடுங்கள். தாள் மேசைக்குத் திரும்ப வரக் கூடாது.